நொட்டாங்கைப் பக்கம்

மானேசர் வர்றதுக்கு இன்னுஞ் சித்த நேரம் ஆகுமுங்கம்மிணி. ஃபேனுக்கு அடியில நல்லா உக்காருங்க. குஞ்சு பொரிக்கற எடத்தை உள்ளார போய்ப் பாக்கோணும்னு மட்டும் கேக்காதீங்க. தலைக்குக் குளிச்சு, கம்பெனித் துணி மாத்தி, பூட்ஸ் போட்டாத்தான் உடுவாங்க. வெளிய இருந்து கிருமி வந்துருமாம். நாங்க பொம்பளைங்க தெனமும் வெடியால வந்ததும் தலையோட ஊத்திக்கிட்டுத்தான் போறோம். முடி காயறதே இல்லை. வீட்டுல கோழி வளக்கக் கூடாது, அது வேற சட்டம். இத்தனை குஞ்சைக் கையில எடுக்கற எங்க வீட்டு வாசல்ல ஒரு கோழி மேயாதுங்க.

நீங்க ஆபீசுக்காரர்கிட்டக் கேட்டதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். மிசின்ல வெச்ச முட்டை எத்தனை, பொரிச்ச குஞ்சு எத்தனை, வண்டியேறிப் பண்ணைக்குப் போன குஞ்சு எத்தனைன்னு மூணையும் வாங்கிட்டு, பொரிச்சதுக்கும் போனதுக்கும் நடுவால கொறையுதே, அது எங்கன்னு கேட்டீங்க பாருங்க. அவரு சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மாசாமாசம் ஆராவது வந்து இந்தக் கணக்கை வாங்கிட்டுத்தான் போறாங்க. கறிக்கோழி எத்தனை வரும், வெலை ஏறுமா எறங்குமான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கறதுக்காம். ஆனா நடுவால கொறையறதை ஒருத்தரும் கேட்டதில்லை. நீங்க கேட்டுட்டீங்க.

அது எங்ககிட்டத்தானுங்க கொறையுது. எம்பட மேசையில. எம்பேரு துளசிமணி. குஞ்சு பிரிக்கற மேசையில மொத எடம் என்னுது. இந்தக் கம்பெனி ஓடு போட்ட கொட்டாயா இருந்த காலத்துல இருந்து இருக்கறேன். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவால இருக்கற அத்தனை கறிக்கோழிப் பண்ணைக்கும் போற குஞ்சுல பாதி எங்கையைத் தாண்டித்தான் போயிருக்கும். சும்மா பெருமைக்குச் சொல்லலீங்க. வேணும்னா மானேசர் வந்ததும் கேளுங்க.

சொல்றேன், எழுதிக்கோங்க. தாய்க்கோழிப் பண்ணையில இருந்து முட்டை வருது. மிசினுக்குள்ள மூணு வாரம் சூட்டுல கெடக்குது. பொரிச்ச அன்னிக்குத் தட்டுத் தட்டா வெளிய தள்ளுவாங்க. ஓடும் ஈரமும் குஞ்சும் கலந்து, ஒரே கீச்சு கீச்சுன்னு இருக்கும். நாங்க மேசையைச் சுத்தி நின்னுக்குவோம். ஒரு குஞ்சுக்குக் கண்ணு மூடித் தொறக்கற நேரந்தான். எடுக்கோணும். கட்டை வெரலால தொப்புளைத் தடவோணும், மூடியிருக்குதான்னு. பெரட்டிக் காலைப் பாக்கோணும், நேரா இருக்குதான்னு. நல்லா இருந்தா சோத்தாங்கைப் பக்கம் பெட்டி. இல்லைன்னா நொட்டாங்கைப் பக்கம் டப்பு, பெரிய பிளாஸ்டிக் தொட்டி. ரோசனை பண்ணீட்டு நிக்க நேரமில்லைங்க. ரோசனை பண்ணுனா அடுத்த தட்டு வந்து நெஞ்சுல முட்டும்.

நொட்டாங்கைப் பக்கம் போனது திரும்பி வராது. பொழுதோட ஒரு ஆளு வந்து டப்பைத் தூக்கீட்டுப் போவான். எங்க போகுதுன்னு நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. அதான் நீங்க தேடற கொறைவு. பொரிச்ச கணக்குல அது இருக்கும், போன கணக்குல இருக்காது.

அப்படிப் பாக்காதீங்கம்மிணி. நான் என்ன கல்நெஞ்சுக்காரியா? காலு வளைஞ்ச குஞ்சைப் பாவம்னு பெட்டியில போட்டு அனுப்பிச்சா என்ன ஆகும் தெரியுங்களா? பண்ணையில அதால தண்ணிக்குப் போக முடியாது, தீவனத்துக்குப் போக முடியாது. மத்ததெல்லாம் அது மேல ஏறி மிதிச்சுட்டுப் போகும். கெடந்து கெடந்து சாகும். பண்ணைக்காரர் போனைப் போட்டுக் கத்துவாரு. அதுக்கு இதே தேவலாம். இதை எனக்கு ஆரும் சொல்லித் தரலை, பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது. எங்கையில தப்பு வராதுன்னு பேரு. ஒரு காலத்துல வெளியூர் ஆபீசருங்க வந்தா என்னைய நிறுத்தி வெச்சுப் பிரிக்கச் சொல்லி வேடிக்கை பாப்பாங்க.

அடியே சொர்ணம், அம்மிணிக்கு ஒரு டீ கொண்டாடி. சக்கரை கம்மியா.

எதுக்கு இத்தனையும் சொல்றேன்னா, எனக்கு ஒரு பேத்தி இருக்குது. ஒரே பையனுக்கு ஒரே புள்ளை. அதைத் தூக்கறதுக்கு எம்பட மருமவ என்னைய உடமாட்டேங்கறா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. சோறு போட வேண்டாம், கடைசிக் காலத்துல பாக்க வேண்டாம். அந்தப் புள்ளையை மடியில வெச்சுக்கோணும். அவ்வளவுதான் ஆசை. அதுக்குத்தான் ஒன்றரை வருசமா நாயா அலையறேன்.

மருமவ பேரு மேகலா. வேத்து மனுசி இல்லீங்க, இதே மேசையில எனக்கு எதுத்தாப்பல நின்னவதான். குடிமங்கலத்துப் பக்கம் ஊரு. பன்னெண்டாவது முடிச்சுட்டு வேலைக்கு வந்தா. மெதுவான கை. எடுத்துப் பாத்த குஞ்சைக் கீழ வெச்சுட்டு மறுக்கா எடுத்துப் பாப்பா. அவ பக்கம் தட்டுத் தேங்கி நிக்கும். சில சமயம் அவளோட டப்புல போட்டதை அவளே திரும்ப எடுத்து, உள்ளங்கையில நிக்க வெச்சு, 'நிக்குதுங்கக்கா, பாருங்க'ம்பா. ஒரு நிமிசம் நிக்கும், அப்பறம் சாயும். மத்த பொம்பளைங்க திட்டுவாங்க. நான் திட்ட மாட்டேன். இந்தப் புள்ளைக்கு மனசு நல்ல மனசுன்னு நெனச்சுக்குவேன்.

எம்பட பையன் நவநீதன் அப்ப இங்கதான் குஞ்சு வண்டி ஓட்டுனான். பெட்டி ஏத்த வர்ற சாக்குல இவ மூஞ்சியையே பாத்துட்டு நிப்பான். எனக்குத் தெரியாதுங்களா? அவங்கப்பா போனதுக்கப்பறம் ஒத்தையில வளத்தவ நான், அவன் தும்முனா எதுக்குன்னு சொல்லுவேன். நானே போயிப் பொண்ணு கேட்டேன். சும்மா ஒண்ணும் எடுக்கலை. கையும் காலும் லட்சணம், பல்லு வரிசை, குடும்பத்துல ஒரு சீக்கு சங்கடம் இல்லை. எல்லாம் விசாரிச்சுப் பொறுக்கித்தான் எடுத்தேன். ஊரே சொல்லுச்சு, துளசி எடுத்தாச் சோடை போகுமான்னு.

நல்லாத்தாங்க வெச்சிருந்தேன். மாமியா மருமவளாட்டவா இருந்தோம்? ஒண்ணா வேலைக்கு வருவோம், ஒண்ணாப் போவோம். முழுகாம இருக்கறான்னு தெரிஞ்ச அன்னைக்கே, ஈரத்துல நிக்க வேண்டாம் சாமின்னு வேலையை நிறுத்துனது நான். வாந்தி எடுத்தா ஏந்துனது இந்தக் கை. கட்டுச்சோத்து விருந்துக்கு ஏழு வகை சோறு கட்டி, ஒறம்பரை சொந்தம் அத்தனை பேரையும் கூப்புட்டு, தெரு அடைக்கப் பந்தல் போட்டேன். வீட்டு உத்தரத்துல தொட்டில் கொக்கியைக் கூட முன்னாடியே மாட்டி வெச்சுட்டேன். பொறக்கறதுக்கு முன்னாடி மாட்டக் கூடாதும்பாங்க, எனக்குப் பொறுக்கலை.

பொறந்தது குஞ்சு எடுக்கற அன்னைக்குப் பாத்துத்தான். வெடியால வலி வந்து உடுமலை ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிட்டாங்க. நானும் போறேன்னேன். மானேசர் கையெடுத்துக் கும்புட்டாரு, அக்கா நீங்க இல்லைன்னா இன்னைக்கு லைன் ஓடாது, முடிச்சுட்டுப் போங்கன்னாரு. அவரு சொல்றதும் நெசந்தான். பொரிச்ச குஞ்சு காத்திருக்குமா? நின்னேன். உள்ளார போனு கொண்டு போகக் கூடாது. மேசையில நிக்கறேன், மனசு பூரா ஆசுபத்திரியில. அதுபாட்டுக்குக் கை ஓடுது. மத்தியானம் வெளிய வந்ததும் வாட்ச்மேன் சொன்னாரு, பொண்ணுங்க, ரெண்டு பேரும் சொகம்னு. ஈரத்தலையோட அப்படியே பஸ் ஏறிட்டேன். பஸ்சுல நின்னுட்டே அழுதேனுங்க, சந்தோசத்துல. பக்கத்துல நின்ன பொம்பளை ஏதோ சாவுக் கேதம்னு நெனச்சு என்னைய சமாதானம் பண்ணுனா.

ஒண்ணு சொல்றேன், இதை நல்லாக் கேட்டுக்கோங்க. மேசையை உட்டு வந்தும் கை உடனே நிக்காதுங்க. பஸ்சுக் கம்பியைப் புடிச்சா அதைக் கட்டை வெரலு தேச்சுட்டே இருக்கும். சோறு பெசைஞ்சா, உருண்டையை ஒருக்காப் பெரட்டிப் பாத்துட்டுத்தான் வாய்க்குக் கொண்டு போவோம். இங்க இருக்கற எந்தப் பொம்பளையை வேணும்னாலும் கேளுங்க. சொர்ணம், உண்டா இல்லையாடி? பாருங்க, தலையை ஆட்டறா.

ஆசுபத்திரியில போயி உக்காந்தேன். கட்டிலுக்கும் சன்னலோரத்து பெஞ்சுக்கும் நடுவால ஒரு ஸ்டூல். சோத்தாங்கைப் பக்கம் கட்டில்ல மேகலா படுத்திருக்கறா. நொட்டாங்கைப் பக்கம் ரெக்சின் பெஞ்சு, காலியாக் கெடக்குது. சம்பந்தியம்மா காப்பி வாங்கப் போயிட்டாங்க, பையன் மாத்திரைக்குப் போயிட்டான். நர்சம்மா கொழந்தையைத் துண்டுல சுத்திக் கொண்டாந்து எங்கையில குடுத்தாங்க. பாட்டி வந்தாச்சான்னு சிரிச்சாங்க.

துண்டைப் பிரிச்சேன். ஆருதான் பிரிக்க மாட்டாங்க? பேத்தியை முழுசாப் பாக்கோணும்ல? தொப்புளைத் தொட்டேன். பெரட்டுனேன். காலைப் பாத்தேன். ஒரு பாதம் உள்ளுக்கு மடங்கி, உள்ளங்கால் மேல பாத்துட்டு இருந்துச்சு. பெஞ்சு மேல வெச்சுட்டேன்.

அவ்வளவுதானுங்க. பெஞ்சுல எடம் இருந்துச்சு, வெச்சேன். ஒரு வார்த்தை சொல்லலை. மூஞ்சியைச் சுளிக்கலை. மெதுவாத்தான் வெச்சேன், பூவாட்டம். மேகலா ரெண்டு கையையும் நீட்டீட்டுப் படுத்திருந்தாளாம், நான் அவகிட்டக் குடுப்பேன்னு. நான் அந்தப் பக்கமே திரும்பலையாம். நான் கவனிக்கலீங்க. கொழந்தையை வெச்சுட்டு எங்கை அடுத்ததுக்குப் போச்சுன்னு வேற சொல்றா. அடுத்தது அங்க என்னங்க இருக்குது? பச்சைப் பொய்யி. காத்துலயா எடுத்தேன்?

மேகலா எந்திரிச்சா. தையல் போட்ட ஒடம்பு, எந்திரிக்கவே கூடாது. கட்டில் கம்பியைப் புடிச்சு எறங்கி, என்னையச் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் வந்து, பெஞ்சு மேல இருந்த புள்ளையை எடுத்து நெஞ்சோட வெச்சுக்கிட்டா. தையல் பிரிஞ்சுரும்டி, என்கிட்டக் கேட்டா நான் தர மாட்டேனான்னு சத்தம் போட்டேன். அவ திரும்பி என்னைய ஒரு பார்வை பாத்தா. மேசையில எதுத்தாப்பல நின்னப்ப ஒரு நாளும் அப்படிப் பாத்ததில்லை.

பையன் வந்து காலைப் பாத்துட்டுச் செவுத்துல சாஞ்சு அழுவறான். பெத்த வயிறு, எனக்கு மட்டும் எரியாதுங்களா? ஆறுதலாத்தான் சொன்னேன். 'உடு சாமி, அழுவாத. அடுத்தது நல்லாப் பொறக்கும்'னேன். இதுல என்னங்க தப்பு? மனசு உட்டுப் போன புள்ளைக்குத் தாயி வேற என்ன சொல்லுவா?

அங்க இருந்து நேரா அம்மா வீட்டுக்குப் போனா. மொதப் பிரசவம், அம்மா வீட்டுக்குப் போறது மொறைதான். மூணு மாசம் கழிச்சு நல்ல நாள் பாத்து, கூட்டீட்டு வாடான்னு பையனை அனுப்பிச்சேன். தொட்டில் சீலையை வெளுத்து மடிச்சு வெச்சேன். அவன் மட்டும் தனியா வந்தான். வாசல்லயே நின்னான். அம்மா, நீ கொழந்தையை நொட்டாங்கைப் பக்கம் வெச்சயான்னு கேட்டான். எனக்கு ஒண்ணும் புரியலை. சிரிச்சுட்டேனுங்க. என்னடா இது, வலதா எடதான்னு வாத்தியாராட்டம் கேக்கறயேன்னேன். அவன் சிரிக்கலை. குஞ்சு பாக்கற மாதிரி தொப்புளைப் பாத்தயா, காலைப் பாத்தயா, பாத்துட்டு வெச்சயான்னான். அப்பத்தான் எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு.

நீங்களே சொல்லுங்க. ஊருல ஒலகத்துல எந்த மருமவளுக்காவது இப்படித் தோணுமா? சோத்துல உப்பு கொறைஞ்சுதுன்னு சண்டை போடுவாங்க, நகைக்குச் சண்டை போடுவாங்க. எந்தப் பக்கம் வெச்சேன்னு சண்டை போடறவ இவ ஒருத்திதான். வேற ஊட்டுல பொண்ணு எடுத்திருந்தா இந்தத் தொந்தரவே இல்லை. அவளுக்கு இதெல்லாம் தெரிஞ்சே இருக்காது. மேசையில நின்னவளா எடுத்தேன் பாருங்க, அதான் நான் பண்ணுன தப்பு. கை பழக்கத்துல ஒண்ணு பண்ணுச்சுன்னா அதுக்கு மனுசி பொறுப்பா? எம்மனசுல ஒரு துளி இல்லீங்க. அந்தப் புள்ளை மேல நான் உசுரையே வெச்சிருக்கறேன்.

பையனும் மாமியா ஊட்டோட போயிட்டான். வண்டி ஓட்டறதையும் உட்டுட்டான், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கறான். அந்தக் குஞ்சுப் பெட்டியைத் தூக்க முடியலைன்னானாம். நான் தூக்கறேன், எனக்கு முடியுது.

காலுக்கு என்ன பண்ணுனாங்கன்னா, கோயமுத்தூருக்குக் கூட்டீட்டுப் போயிருக்கறாங்க. அங்க டாக்டரு, இது சரியாப் போயிரும், கவலைப்படாதீங்கன்னாராம். வாரா வாரம் மாவுக்கட்டு. கட்டுவாங்க, அவுப்பாங்க, இன்னுங் கொஞ்சம் நிமித்திக் கட்டுவாங்க. அப்பறம் ஒரு சின்ன ஆப்ரேசன். அப்பறம் ரெண்டு பூட்சுக்கும் நடுவால ஒரு கம்பி வெச்ச மாதிரி ஒண்ணு, அதைப் போட்டுக்கிட்டே தூங்கோணுமாம். இத்தனையும் அந்தப் புள்ளை மேகலா, கைக்கொழந்தையைத் தூக்கீட்டு பஸ்சுல அலைஞ்சு பண்ணியிருக்கறா. எனக்கு எல்லாம் வேத்தாளு சொல்லித்தான் தெரியும். காலு வளைஞ்சது நிமிர்றதை எம்பட ஆயுசுல நான் பாத்ததில்லீங்களே. எனக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் பொறுக்க மாட்டாம அந்த ஆசுபத்திரிக்கே போயிட்டேன். நீட்டமான வராந்தா, ரெண்டு பக்கமும் தாய்மாருங்க. எல்லார் மடியிலயும் அப்படிக் கொழந்தைங்க. ஒண்ணுக்குக் கால், ஒண்ணுக்குக் கை, ஒண்ணுக்கு ஒதடு. எல்லாத்தையும் கொஞ்சீட்டு உக்காந்திருக்கறாங்க. மேகலாவைத் தேடாமயே திரும்பி வந்துட்டேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை.

டீயைக் குடிங்கம்மிணி, ஆறுது. எழுதறதை நிறுத்தீட்டீங்களே. பரவாயில்லை, நான் சொல்லி முடிச்சர்றேன்.

போன ஞாயித்துக்கெழமை போனேன். கொழந்தை நடக்குதுன்னு பஸ்சுல பாத்த ஒரு பொம்பளை சொன்னா. நடக்குதுங்களாம்! நான் கேட்டதும் அங்கயே ரோட்டுல நின்னு எங்க கொலதெய்வத்தைக் கும்புட்டேன். ஒரு ஜோடி கொலுசு வாங்கிக்கிட்டேன், சின்ன முத்து வெச்சது. என்ன ஆனாலும் சரி, திட்டுனாலும் வாங்கிக்கலாம்னுதான் போனேன்.

திட்டலீங்க. அதான் ஆச்சரியம். வாங்கத்தைன்னா. சேர் எடுத்துப் போட்டா. தண்ணி குடுத்தா. எளைச்சுப் போயிட்டீங்க, இன்னும் ஈரத்தலையோடதான் நிக்கறீங்களான்னு கேட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டிருச்சு. அவளும் கண்ணைத் தொடச்சா. சரி, ஆண்டவன் கண்ணைத் தொறந்துட்டான்னு நெனச்சேன். உள்ளார இருந்து கொழந்தை வருதுங்க. செவுத்தைப் புடிச்சுக்கிட்டு, தத்தக்கா பித்தக்கான்னு. யாழிசைன்னு பேரு வெச்சிருக்கறாங்க. அப்படியே எங்க ஊட்டுக்காரரு மூஞ்சி. நேரா எங்கிட்ட வந்து எம்முட்டியைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. வேத்து மூஞ்சின்னு பயமே இல்லை. நான் மேகலாவைப் பாத்தேன். அவ எங்கையில இருந்த கொலுசைப் பாத்தா. அப்பறம் தலையை ஆட்டுனா, தூக்குங்கன்னு.

தூக்கி மடியில வெச்சேன். அதோட கனம் இருக்குது பாருங்க. எத்தனை ஆயிரம் தூக்கியிருக்கறேன், ஒண்ணுக்கும் கனம் இருந்ததில்லை.

கொலுசு போட்டு உட்டேன். போடறப்ப காலைப் பாத்தேன். பாக்காம எப்படிப் போடறது? ரெண்டு பாதத்தையும் சேத்து வெச்சுப் பாத்தேன். ஒண்ணு சித்தெ சின்னது, கெண்டை சித்தெ ஒல்லி. மத்தபடி நேரா இருந்துச்சுங்க. உள்ளங்கால் தரையில ஒக்காருது. கெழக்கால நிக்க வெச்சும் பாத்தேன், மேக்கால நிக்க வெச்சும் பாத்தேன். சாயலை. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. ஒன்றரை வருசமா இந்தப் பொண்ணு மனசுல வெச்சுப் புழுங்கீட்டுக் கெடக்கற சங்கடத்தை இன்னைக்குத் தீத்து வெச்சுரலாம்னு தோணுச்சு. கொழந்தையைத் தூக்கி, எம்பட சோத்தாங்கைப் பக்கம், மேகலா நின்ன பக்கமாப் பாத்து உக்கார வெச்சேன். வெச்சுட்டு, பாத்துக்க சாமி, இப்ப இந்தப் பக்கம் வெச்சுட்டேன், இப்ப நல்லா இருக்குதுன்னேன்.

அவ மூஞ்சியில இருந்த சிரிப்புப் போச்சு. கோவம் இல்லீங்க. கோவமா இருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சட்டுனு வயசாயிட்ட மாதிரி ஆயிட்டா. மெதுவா வந்து, கொழந்தையை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டா. கொலுசைக் கழட்டலை, அதைச் சொல்லோணும். அப்பறம் கேட்டா.

"அத்தை, இவளுக்குக் கால் சரியாகாமயே இருந்திருந்தா?"

அவ்வளவுதான் கேட்டா. சத்தமாக்கூடக் கேக்கலை. நெசமாலுமே தெரிஞ்சுக்கோணும்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. என்னையே பாத்துட்டு நிக்கறா. பதிலுக்குக் காத்திருக்கறா. என்னமோ ஒண்ணு சொல்லோணும், சொன்னா இவ கொழந்தையைத் திரும்பி எம்மடியில வெச்சிருவா, அது தெரியுது. என்ன சொல்லோணும்னு தெரியலை. டாக்டரு சரி பண்ணிட்டாரேன்னேன். அதான் சரியாயிருச்சேன்னேன். அவ சாப்புட்டுப் போங்கத்தைன்னு சொல்லிட்டு, கொழந்தையோட உள்ளார போயிட்டா. இலை போட்டுப் பரிமாறுனது சம்பந்தியம்மா. பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்துட்டேன்.

அன்னையில இருந்து மேசையில நிக்கறேன், கைபாட்டுக்கு ஓடுது, அந்தக் கேள்வியே காதுல நிக்குது. பொய் சொல்லியிருக்கலாம். என்ன பொய்யின்னுகூடத் தெரியலையே அம்மிணி.

மானேசர் வண்டி வந்துருச்சுங்க, அதா கேட்டைத் தொறக்கறாங்க. அவரு வர்றதுக்குள்ளார ஒண்ணே ஒண்ணு. நீங்க படிச்சவங்க, நாலு ஊரு போறவங்க, நாலு மனுசரைப் பாக்கறவங்க. அவ கேட்டாளே, அதுக்கு நான் என்ன சொல்லியிருக்கோணும்? சொல்லுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை மறுக்காப் போறேன், அதையே சொல்லிப் போடறேன். நான் மனப்பாடம் பண்ணிக்குவேன். ஒரு எழுத்து தப்பில்லாமச் சொல்லுவேனுங்க.